புதுப்பிப்பது பௌர்ணமியில், படம் எடுப்பது அமாவாசையில்

பாலக்காட்டுக் கணவாயில் தொலைநோக்கி வைத்து இரவு வானத்தைப் படம் எடுப்பவர்களுக்குக் காற்றுதான் முதல் கவலை. மேற்குத் தொடர்ச்சி மலை சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விட்டுப்போன இடைவெளி இது. கார்த்திகை பிறந்ததும் கிழக்கிலிருந்து வறண்ட காற்று இதன் வழியாக இறங்கும். மலையாளத்தில் விருச்சிகக் காற்று என்பார்கள். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று எல்லையை ஒட்டித் தமிழ் பேசும் எங்கள் ஊர்களில் இரவெல்லாம் தென்னை மட்டை அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கும். மழை ஓய்ந்து வானம் தெளிவதும் அதே மாதங்களில்தான். அதனால் இங்கே கைடிங், அதாவது தொலைநோக்கியை நட்சத்திரத்தின் மேலேயே பிடித்து நிறுத்தும் வேலை, கெட்டால் யாரும் முதலில் மென்பொருளைப் பார்ப்பதில்லை. காற்று என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். அப்படிக் காற்றின் கணக்கில் எழுதப்பட்ட கோளாறுகளில் பல, மென்பொருளைப் புதுப்பித்ததால் வந்தவை என்பது எனக்குப் போகப்போகத்தான் புரிந்தது. இந்தப் பகுதியில் புதிதாகக் கேமரா வாங்கியிருக்கும் தம்பிகள் அடிக்கடி கேட்பதால், நான் கடைப்பிடிக்கும் முறையை எழுதி வைக்கிறேன்.

முதலில் கருவி என்ன என்று சொல்லிவிடுகிறேன். 400 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள லென்ஸ் தொலைநோக்கி. அதன் பின்னால் சோனி ஐஎம்எக்ஸ்533 சென்சார் வைத்த, குளிரூட்டும் வசதியுள்ள கலர் கேமரா. மேலே, வழிநடத்த மட்டும் 120 மில்லிமீட்டர் குவியத் தூரமுள்ள சின்னத் தொலைநோக்கி (கைடு ஸ்கோப்), அதில் ஒரு சிறிய கறுப்பு வெள்ளை கேமரா. லேப்டாப்பில் படம் எடுக்க நினா என்ற மென்பொருள். ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மவுண்டை (தொலைநோக்கியைத் தாங்கி வானத்தோடு திருப்பும் கருவி) நொடிக்கு நொடி திருத்த பிஎச்டி2. மவுண்டும் கேமராவும் இவற்றோடு பேச ஆஸ்காம். மூன்றும் இலவசம். நினாவும் பிஎச்டி2-வும் திறந்த மூல மென்பொருள்கள், ஆர்வலர்கள் தங்கள் நேரத்தைக் கொடுத்து எழுதியவை. இதற்காக அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

இனி அந்தக் காற்று விஷயம். கோபாலபுரம் பக்கம் தோப்பு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர், என்னைவிட நல்ல மவுண்ட் வைத்திருப்பவர், ஒரு கார்த்திகை இரவில் போன் செய்தார். வழக்கமாக 1 விகலை (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) சுற்றி நிற்கும் கைடிங் பிழை இரண்டரைக்கு மேல் போய்விட்டது, எந்தப் படத்திலும் நட்சத்திரம் உருண்டையாக இல்லை என்றார்.

"காத்துதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல. விருச்சிகம் பொறந்தா இப்படித்தான்" என்றார்.

"ஏனுங்ணா, சமீபத்துல ஏதாச்சும் மாத்துனீங்களா?"

"மவுண்ட் டிரைவர் புதுசு வந்திருக்குன்னு போன வாரம் போட்டேன். அதுக்கும் இதுக்கும் என்ன?"

பிழையை பிஎச்டி2 வரைந்துகாட்டும் கிராஃபை அனுப்பச் சொன்னேன். காற்று அடிக்கும்போது கிராஃப் எப்படி இருக்கும் என்பது இங்கே இருக்கும் எங்களுக்கு நன்றாகப் பழகிய விஷயம். மேற்கு-கிழக்குக் கோடும் வடக்கு-தெற்குக் கோடும் ஒரே நொடியில் குதிக்கும். அடுத்த நொடி, யாரும் திருத்தாமலே, இரண்டும் தானாகத் திரும்பி வரும். குழாய் ஆடி அடங்குகிறது, அவ்வளவுதான். அண்ணன் அனுப்பியது அப்படி இல்லை. கோடு மெதுவாக ஒரு பக்கம் நகர்கிறது. பிஎச்டி2 அதே திசையில் திருத்தத்தை மறுபடி மறுபடி அனுப்புகிறது. பல முறை அனுப்பிய பிறகுதான் நட்சத்திரம் மெல்லத் திரும்புகிறது. கட்டளை போகிறது, மவுண்ட் போதுமான அளவு நகரவில்லை.

டிரைவரின், அதாவது மவுண்டை லேப்டாப்போடு இணைக்கும் மென்பொருளின், அமைப்புகளைத் திறக்கச் சொன்னதும் காரணம் தெரிந்துவிட்டது. நட்சத்திர வேகத்தில் பாதியாக, அதாவது 0.5 என்று அவர் வைத்திருந்த கைடு வேகம், புது டிரைவரைப் போட்டதும் 0.1 ஆகியிருந்தது. நட்சத்திர வேகம், அதாவது வானத்தில் நட்சத்திரம் நகரும் வேகம், நொடிக்குச் சுமார் 15 விகலை. பாதி வேகத்தில் ஒரு நொடித் துடிப்பு 7.5 விகலை நகர்த்தும். பத்தில் ஒரு பங்கில் அதே துடிப்பு ஒன்றரை விகலைதான் நகர்த்தும். பிஎச்டி2 கையில் இருந்ததோ பழைய அளவீடு, அதாவது எவ்வளவு துடிப்புக்கு மவுண்ட் எவ்வளவு நகரும் என்ற பழைய கணக்கு. ஒவ்வொரு திருத்தத்தையும் தேவையில் ஐந்தில் ஒரு பங்காகவே அனுப்பிக்கொண்டிருந்தது. வேகத்தைத் திரும்ப 0.5 ஆக்கி, அளவீட்டைப் புதிதாக எடுத்ததும் அதே காற்றில் அதே மவுண்ட் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அன்று காற்று அடிக்கத்தான் செய்தது. ஆனால் குற்றம் அதனுடையது இல்லை.

அதிலிருந்து என் நிலை இதுதான்: புதுப்பித்த மென்பொருள், பழைய பெயரில் வந்திருக்கும் புதுக் கருவி. அளந்து பார்க்காமல் இருட்டு இரவில் அதை நம்பி நிற்கக் கூடாது. புதுப்பிக்கவே வேண்டாம் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. ஒரே நேரத்தில் பல நட்சத்திரங்களைப் பார்த்து வழிநடத்தும் வசதி பிஎச்டி2-வில் பிற்பாடு ஒரு புதுப்பிப்பில் வந்ததுதான். ஒரு நட்சத்திரம் மட்டும் காற்று மண்டலத்தில் துள்ளுவதை நம்பி மவுண்டை அசைக்காமல், பல நட்சத்திரங்களின் சராசரியைப் பார்ப்பதால் எங்கள் கணவாயின் கலங்கிய வானத்தில் அது பெரிய உதவி. பழைய பதிப்பிலேயே நின்றிருந்தால் அது கிடைத்திருக்காது. எனவே கேள்வி, எப்போது, எப்படி என்பதுதான்.

எப்போது என்பதற்கு என் பதில் நிலவைப் பார்த்துத்தான். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் வரும் இரவுகளில் மங்கலான பொருள்களை எடுக்க முடியாது. ஆனால் நட்சத்திரம் தெரியும், கைடிங் செய்து பார்க்கலாம், மவுண்டைச் சோதிக்கலாம். அந்த இரவுகளை நான் புதுப்பிப்புக்கு ஒதுக்கிவிட்டேன். பெரிய மாற்றங்கள், அதாவது விண்டோஸ் பதிப்பு மாறுவது, ஆஸ்காம் தளம் மாறுவது போன்றவை, இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில். மழை பெய்யும்போது வீட்டு மேசையில் எல்லாவற்றையும் இணைத்து வைத்து நிதானமாகச் செய்யலாம். அமாவாசைக்கு முந்தின வாரம் திரையில் என்ன அறிவிப்பு வந்தாலும் தொடுவதில்லை.

மார்ச் மாத அமாவாசை இரவு ஒன்று வீணானால் எவ்வளவு இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊர் பத்தே முக்கால் டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஐரோப்பாவில் பெரும்பாலான இடங்களில் அடிவானத்துக்கு மேலே வராத ஒமேகா செண்டாரி நட்சத்திரக் கொத்து இங்கே 32 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. கரைனா நெபுலாகூட 20 டிகிரியை நெருங்குகிறது. இவ்வளவு கொடுத்து வைத்த வானத்தின் கீழ் உட்கார்ந்துகொண்டு டிரைவர் இன்ஸ்டால் ஆவதைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வராது.

எப்படி என்பதில் ஒரு விதியை மட்டும் நான் விடுவதே இல்லை: ஒரு நேரத்தில் ஒன்று. ஆஸ்காம், கேமரா டிரைவர், பிஎச்டி2, நினா எல்லாவற்றையும் ஒரே மாலையில் மாற்றிவிட்டால், இரவு ஏதாவது கெடும்போது யாரைப் பிடிப்பது? ஒன்றை மாற்று, சோதி, அப்புறம் அடுத்தது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு சூட்சுமம் இருக்கிறது. நினாவில் கேமராப் பட்டியலைத் திறந்தால் ஒரே கேமரா இரண்டு முறை தெரியும். ஒன்று நேரடி இணைப்பு, இன்னொன்று ஆஸ்காம் வழி. நேரடி இணைப்புக்கு வேண்டிய, கேமரா தயாரிப்பாளரின் நிரல் தொகுப்பை நினா தன்னோடு சேர்த்தே கொண்டு வருகிறது. பிஎச்டி2-வும் பல கேமராக்களுக்கு அப்படித்தான். ஆகவே கேமரா டிரைவரைத் தொடாமல் நினாவை மட்டும் புதுப்பித்தாலும், கேமராவோடு பேசும் பகுதி மாறியிருக்கலாம். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து புது ஆஸ்காம் டிரைவரை இறக்கிப் போட்டாலோ, நேரடி இணைப்பில் எடுக்கும் படத்தில் எந்த மாற்றமும் தெரியாமலும் போகலாம். எந்த வழியில் இணைக்கிறீர்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வழி மாறினால் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு), ஆஃப்செட் (ஒவ்வொரு பிக்சலின் மதிப்போடும் கூட்டும் எண்) இரண்டும் வேறு இடத்திலிருந்து வரும்.

மாற்றுவதற்கு முன் செய்யும் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிஎச்டி2-வில் சுயவிவரங்களை ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறது, அதைச் செய்து கோப்பைத் தனியாக வைக்க வேண்டும். நினாவின் சுயவிவரங்கள் விண்டோஸ் பயனர் கணக்கின் ஆப்டேட்டா, லோக்கல், நினா என்ற ஃபோல்டருக்குள் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே நகல் எடுக்கலாம். புதுப் பதிப்பு ஒருமுறை திறந்த கோப்பைப் பழைய பதிப்பு படிக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் இன்ஸ்டாலர் கையில் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். டிரைவர் அமைப்புத் திரைகளை போனில் படம் எடுத்து வைப்பது சின்ன வேலை. அண்ணனிடம் அந்த 0.5-ஐக் காட்டும் படம் ஒன்று இருந்திருந்தால் அந்த இரவு தப்பியிருக்கும்.

சரி, கேமரா டிரைவர் மாறியாகிவிட்டது. இனி வானம் வேண்டாம், பகலிலேயே சோதிக்கலாம். கேமராவை மூடி, துணியும் சுற்றி, வழக்கமான வெப்பநிலைக்குக் குளிர்வித்து, வழக்கமான கெயினில் சில பயாஸ் படங்களும் (மிகக் குறைந்த நேரத்தில் எடுப்பவை) டார்க் படங்களும் (வழக்கமான நேரத்தில் எடுத்து, சென்சாரின் இரைச்சலைக் கழிக்கப் பயன்படுத்துபவை) எடுக்கிறேன். முன்பு எடுத்துச் சேர்த்து வைத்த நூலகத்தில் இருக்கும் பழைய டார்க் படத்தின் சராசரி மதிப்போடு ஒப்பிடுகிறேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை புதிய படத்தின் சராசரி பழையதில் பாதிகூட இல்லை. ஆஃப்செட் தன் இயல்பு மதிப்புக்குத் திரும்பியிருந்தது. இது சின்ன விஷயம் இல்லை. ஆஃப்செட் குறைந்தால் பழைய டார்க் படங்கள் பொருந்தாது. அது மட்டுமா, மிக மங்கலான பகுதிகள் பூஜ்யத்தில் போய் முட்டி வெட்டுப்படும். அப்படி வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. மத்தியானமே தெரிந்துவிட்டதால் எண்ணை மாற்றி வைத்ததோடு முடிந்தது.

அதோடு இன்னொரு பார்வை: ஐஎம்எக்ஸ்533 தருவது 14 பிட் தரவு. அதை 16 பிட் கோப்பில் எழுதும்போது எல்லா மதிப்புகளும் 4-ஆல் வகுபடும். புதுப்பித்த பிறகு ஒரு மூலப் படத்தில் அப்படி இல்லை என்றால், நடுவில் யாரோ தரவை மாற்றுகிறார்கள் அல்லது வேறு முறையில் படிக்கிறார்கள் என்று அர்த்தம்.

கலர் கேமரா வைத்திருப்பவர்கள் வண்ணத்தையும் பார்க்க வேண்டும். படத்தின் வரிசைகளை மேலிருந்து கீழே எழுதுவதா, கீழிருந்து மேலே எழுதுவதா என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் வித்தியாசம் உண்டு. வரிசை தலைகீழானால் ஆர்ஜிஜிபி என்ற பேயர் அமைப்பு (பிக்சல்கள் மேல் உள்ள சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகளின் வரிசை) ஜிபிஆர்ஜி ஆகிவிடும். இதைச் சோதிக்க எங்கள் ஊரில் நல்ல பொருள் ஒன்று இருக்கிறது, தென்னங்கீற்று. சூரியன் மறைந்த பிறகு வெளிச்சம் மிச்சமிருக்கும்போது தூரத்துத் தோப்பை ஒரு படம் எடுத்து வண்ணமாக்கிப் பார்க்கிறேன். கீற்று பச்சையாக வந்தால் சரி. ஊதா கலந்த சிவப்பாக வந்தால் அமைப்பு மாறியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில் தொலைநோக்கியைத் திருப்பும்போது சூரியன் பக்கமே போகக் கூடாது. இதைச் சிறுவர்கள் இருக்கும் இடத்தில் இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பிஎச்டி2-வைப் புதுப்பித்தாலோ, கைடு கேமராவின் டிரைவர் மாறினாலோ, நான் டார்க் நூலகத்தைப் புதிதாக எடுத்துவிடுகிறேன். கைடு கேமராவுக்குக் குளிரூட்டி கிடையாது. பங்குனி, சித்திரையில் பாலக்காட்டில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தொடும், இரவும் பெரிதாகத் தணியாது. அந்தச் சூட்டில் சென்சார் முழுக்க ஹாட் பிக்சல்கள், வெளிச்சம் இல்லாமலே மின்னும் புள்ளிகள். டார்க் பொருந்தாவிட்டால் அவற்றில் ஒன்றை நட்சத்திரம் என்று மென்பொருள் பிடித்துக்கொள்ளும். அப்போது கிராஃப் கோடு போட்டாற்போல நேராக இருக்கும், பிழை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாகக் காட்டும். ஹாட் பிக்சல் நகராதல்லவா! படத்திலோ நட்சத்திரங்கள் நீளமாக இழுபட்டிருக்கும். கணவாயில் காற்று அடிக்கும் இரவில் கிராஃப் அவ்வளவு அழகாக இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள்.

அதே காரணத்துக்காகக் குவியத் தூரம் என்ற பெட்டியையும் பார்க்க வேண்டும். விகலைக் கணக்கு எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பிக்சல் அளவை மைக்ரானில் எடுத்து 206.265-ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் ஒரு பிக்சலுக்கு எத்தனை விகலை என்று கிடைக்கும். என் கைடு கேமராவுக்கு 3.75 மைக்ரான், 120 மில்லிமீட்டர்: ஒரு பிக்சலுக்கு 6.4 விகலை. முதன்மைக் கேமராவுக்கு 3.76 மைக்ரான், 400 மில்லிமீட்டர்: 1.9 விகலை. புதிதாகச் சுயவிவரம் உருவாக்கும்போது 120-க்குப் பதில் 240 என்று இருந்தால், பிழை உண்மையில் உள்ளதில் பாதியாகத் திரையில் தெரியும். மவுண்ட் ஒன்றும் திருந்தியிருக்காது. கைடிங் பிழை முதன்மைக் கேமராவின் ஒரு பிக்சலில் பாதிக்குள், எனக்கு 1 விகலைக்குள், இருந்தால் நட்சத்திரம் உருண்டையாக வருகிறது. அந்த எண்ணை நம்ப வேண்டுமானால் இந்தப் பெட்டி சரியாக இருக்க வேண்டும்.

பிஎச்டி2 அளவீட்டை வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) பக்கத்தில், உச்சி வட்டத்தை (வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே போகும் கோடு) ஒட்டி எடுப்பது நல்லது. எங்களுக்கு நடுவரை கிட்டத்தட்ட தலைக்கு மேலேயே, 79 டிகிரி உயரத்தில் போகிறது. தை மாதம் இரவு 9 மணி வாக்கில் ஓரியனின் இடுப்பு மூன்று நட்சத்திரங்கள் அங்கே நிற்கும். திருவாதிரையைக் கண்டுபிடித்து அதற்குக் கொஞ்சம் தெற்கே பார்த்தால் போதும். மார்கழித் திருவாதிரை நிலவோடு வரும் நாள் என்பதால், இங்கே இரு மொழிக்காரர்களும் கோயிலுக்குப் போகும் அந்த இரவே புதுப்பிப்புச் சோதனைக்கும் தோதான இரவு.

இன்னொன்று எங்கள் அட்சரேகைக்கே உரிய சிக்கல். துருவ நட்சத்திரம் இங்கே பதினோரு டிகிரி உயரத்தில்தான் இருக்கிறது. 15 மீட்டர் உயரத் தென்னை 80 மீட்டருக்குள் வடக்கே நின்றால் மறைந்துவிடும். தோப்புக்குள் இருந்துகொண்டு அதைப் பார்த்ததாக நினைவே இல்லை. மறைக்காவிட்டாலும் அடிவானத்துப் புழுதியில் மங்கிப்போகும். அதனால் துருவ அச்சைச் சரிசெய்ய, அதாவது மவுண்டின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்க, நாங்கள் முழுக்க நினாவின் மூன்று புள்ளித் துருவ ஒழுங்கமைப்பு பிளகினை (துணை நிரல்) நம்பியிருக்கிறோம். மவுண்டைத் திருப்பி மூன்று இடங்களில் படம் எடுத்து, நட்சத்திர வரைபடத்தோடு ஒப்பிட்டு, அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். துருவ நட்சத்திரம் தெரிய வேண்டியதே இல்லை. ஆனால் பிளகின்கள் நினாவின் பெரிய பதிப்போடு கட்டுண்டவை. 2-லிருந்து 3-க்கு மாறியபோது அடித்தளமே மாறியதால் அவற்றையும் அதற்கேற்ற பதிப்பில் நிறுவ வேண்டியிருந்தது. மற்ற ஊர்க்காரர்களுக்குப் பிளகின் ஒரு வசதி. எங்களுக்கு அது இல்லாவிட்டால் இரவே தொடங்காது. எனவே நினாவைப் புதுப்பித்ததும் நான் திறக்கும் முதல் பக்கம் பிளகின் பக்கம். அடுத்து, நட்சத்திரங்களை அடையாளம் காணும் ஆஸ்டாப் நிரலின் இருப்பிடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, ஒரு பழைய படத்தைக் கொடுத்துத் தீர்க்கச் சொல்கிறேன். அதுவும் பகலிலேயே முடிகிற வேலை. பிளகின் கைகொடுக்காத நாளுக்கு பிஎச்டி2-வில் டிரிஃப்ட் அலைன், அதாவது நட்சத்திரம் நழுவுவதைப் பார்த்து அச்சைச் சரிசெய்யும் முறை, இருக்கிறது. நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் அதற்கும் துருவ நட்சத்திரம் வேண்டாம். ஒருமுறையாவது பழகி வையுங்கள்.

லேப்டாப் பற்றி: தோப்பில் இணையம் போன் ஹாட்ஸ்பாட் வழிதான். விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்டு என்று குறித்துவிட்டால், பெரும்பாலான புதுப்பிப்புகளை அது தானாக இறக்குவதை நிறுத்திவிடும். நடு இரவில் மறுதொடக்கம் ஆகும் தொல்லை குறையும். பவர் அமைப்பில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் (சும்மா இருக்கும் யுஎஸ்பி கருவியைத் தூங்க வைக்கும் வசதி) என்பதை அணைத்து வையுங்கள். பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு அது திரும்ப இயங்குகிறதா என்று பாருங்கள். கைடு கேமரா அடிக்கடி இணைப்பை இழந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான், அடுத்தது கேபிள்.

மவுண்டிலும் கேமராவிலும் உள்ளே இருக்கும் ஃபர்ம்வேரைப் பற்றி ஒரு வார்த்தை. லேப்டாப்பில் உள்ள மென்பொருளைப் பழையதற்குத் திருப்பலாம். ஃபர்ம்வேர் எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் கருவியே முடங்கலாம். எங்களுக்கு இருக்கும் பிரச்சினையைத் தீர்க்கிறது என்று வெளியீட்டுக் குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே அதைத் தொடுகிறோம். அதுவும் நன்றாகச் சார்ஜ் ஆன பேட்டரியில், மழை இடி இல்லாத பகலில்.

இவ்வளவும் செய்து இரவில் ஏதாவது தகராறு வந்தால், ஒன்பது மணி வரை பார்ப்பேன். அதற்குள் பிடிபடாவிட்டால் பழைய இன்ஸ்டாலரை எடுத்துப் போட்டுவிட்டுப் படம் எடுக்கப் போய்விடுவேன். ஆனால் பதிவுக் கோப்புகளை அழிப்பதில்லை. பிஎச்டி2-வின் உதவி மெனுவிலிருந்தே அவற்றை மேலேற்றி, கிடைக்கும் இணைப்பை எழுதியவர்களுக்கு அனுப்பலாம். எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு மாறினீர்கள், அதற்கு முன் கடைசியாக நன்றாக ஓடிய இரவின் பதிவு எது என்று இரண்டையும் சேர்த்து அனுப்பினால் அவர்களுக்கு வேலை எளிது. கோபாலபுரம் அண்ணன் இப்போது டிரைவர் திரைகளின் படங்களைத் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறார். அடுத்த பௌர்ணமி வாரத்தில் அவருடைய லேப்டாப்பில் ஆஸ்காம் 7-ஐ நிறுவப் போகிறோம், அது மட்டும்தான் அந்த வாரத்து வேலை.